ஃபாக்டரி லாரியில் வந்த சென்டர் ஹாஃப்

எங்கள் பாலக்கரை ஃபுட்பால் டீமுக்கு உயிரே நடுக்களத்தைப் பார்த்துக்கொள்ளும் சென்டர் ஹாஃப்தான். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர், தினக்கூலி. சாயங்காலம் சைக்கிளை மிதித்து நடுவில் ஓடும் இரண்டு ஆற்றையும் தாண்டி வந்து, வெறுங்காலோடு மைதானத்தில் இறங்கினால் பந்து அவர் சொன்ன பேச்சைக் கேட்கும்.

அறுபதுகளில், திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்று டீம் சேர்க்க ஆரம்பித்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு நிரந்தர வேலை. அந்த டீமோடுதான் எங்களுக்கு ஃபைனல். அதற்கு முந்தின வாரம், எங்கள் ஆள் திருவெறும்பூர் பஸ்ஸில் ஏறியதை யாரோ பார்த்துவிட்டார்கள். போதாதா? டீக்கடை பற்றிக்கொண்டது.

"கையில பூட்ஸ் டப்பா வேற இருந்துச்சாம். கம்பெனி குடுத்ததுதான்" என்றார் எங்கள் ஜெர்சிகளைத் தைத்துக் கொடுக்கும் தையல்காரர். எங்கள் டீமில் ஒருவருக்கும் பூட்ஸ் கிடையாது.

"தங்கச்சிக்குச் செருப்பு வாங்கியிருப்பாருங்க" என்றேன். காலேஜ் முடித்துவிட்டு, வாயாடுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்த காலம் அது.

"செருப்பு வாங்கவா தம்பி திருவெறும்பூர் போவாங்க?" என்று டீக்கடை பாய் ஒரே போடாகப் போட்டார்.

நேரே அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டால் அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கும்? அவரும் பிராக்டீஸுக்கு வரவில்லை. துரோகி என்று முடிவு கட்டி, அவருடைய ஜெர்சியைத் தையல்காரருக்கு மாட்டி அவரையே சென்டர் ஹாஃபாக நிறுத்தினோம். அப்புறம் வந்த பயத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய், மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி, தர்காவுக்குச் சர்க்கரை என்று யாரையும் விட்டுவைக்கவில்லை.

ஃபைனலன்று தொழிற்சாலை லாரி வந்து நின்றது. அவர்கள் டீமோடு எங்கள் ஆளும் குதித்து இறங்கினார். "துரோகி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் நேரே எங்கள் பக்கம் வந்தார். "வேலை கிடைச்சிருச்சுங்க. அதுக்குத்தான் ஒரு வாரமா அலைஞ்சேன். நாளைக்குத்தான் சேரணும். இன்னிக்கு வரைக்கும் நான் பாலக்கரை ஆளுன்னு அதிகாரிகிட்டயே சொல்லிட்டேன். என் ஜெர்சி எங்க?"

"அப்ப அந்த டப்பா?" என்றார் தையல்காரர்.

"எட்டாவது பாஸ் சர்ட்டிபிகேட்டுங்க. நனையக் கூடாதுல்ல."

தையல்காரர் ஜெர்சியைக் கழற்றிய வேகத்தில் அவர் தைத்த பித்தானே இரண்டு தெறித்தது. மனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது.

அன்றைக்கு ஆடினாரே, அதுதான் ஆட்டம். முடியப்போகிற நேரத்தில் அவர் தள்ளிவிட்ட பந்து எங்கள் ஃபார்வர்டு காலில் போய் விழுந்தது. கோல்! தொழிற்சாலை அதிகாரியே நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டினார்.

கோப்பையையும் அவரையும் தோளில் தூக்கிக்கொண்டு பாலக்கரை முழுக்கச் சுற்றினோம். "இறக்கி விடுங்கப்பா. அடுத்த வருஷம் நான் உங்களுக்கு எதிரா நிக்கப்போற ஆளு" என்று மேலிருந்து கெஞ்சினார்.

துரோகி என்று கத்திய அதே வாயால் நான் கத்தினேன். "எங்களுக்கு எதிரா எத்தனை கோல் வேணா போடுங்கண்ணே! வேலையை மட்டும் விட்டுடாதீங்க!"

அடுத்த வருஷம் போட்டார், இரண்டு. முதலில் எழுந்து நின்று விசில் அடித்தது பாலக்கரைதான்.