நெட் மாத்தினது அவங்க, திட்டு மட்டும் எனக்கு

வீடுகளுக்கு கேமரா மாட்டுற தொழில்ல மாட்டுறது சுலபம். வீட்டுக்காரர் நெட் கம்பெனியை மாத்தின மறுநாள்தான் நமக்குச் சனி பிடிக்கும். கேமராவுக்குப் பழைய ரவுட்டரோட பேரும் பாஸ்வேர்டும்தான் தெரியும். புதுப் பெட்டி வந்ததும் திருவிழாக் கூட்டத்துல அம்மாவைத் தொலைச்ச குழந்தை மாதிரி அது முழிக்கும். வீட்டுக்காரர் போன்ல 'ஆஃப்லைன்'னு வரும். உடனே என்னைக் கூப்பிட்டு, நீ போட்ட கேமரா செத்துப்போச்சுன்னு கத்துவார். ஏணியும் ஸ்குரூ டிரைவருமா ஊர் ஊரா அலையுற சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நான் பட்டதை மட்டும் சொல்றேன்.

காலையிலேயே ஒரு போன்

நெம்மேலியில கடலோரமா ஒரு பங்களா. ஓனர் இருக்குறது சென்னையில, சனி ஞாயிறுக்கு வந்து போவார். கேட் பக்கத்து ரூம்ல வாட்ச்மேன் ஏழுமலையும் அவர் சம்சாரம் செல்வியும் பல வருஷமா இருக்காங்க. நான் அங்க கேமரா மாட்டினப்போ ஏணியைப் பிடிச்சவர் ஏழுமலை. மதியம் மீன்குழம்பு ஊத்திச் சோறு போட்டது செல்வி. அந்த ஏழுமலைதான் அன்னிக்குக் காலையில கூப்பிட்டார், குரலே சரியில்லை.

விஷயம் இதுதான். ஓனர் சென்னையில இருந்துகிட்டே பங்களா நெட்டை மாத்திட்டார். நெட்காரன் வந்து புதுப் பெட்டியை மாட்டிட்டுப் போயிட்டான். அதிலிருந்து ஓனர் போன்ல கேமரா தெரியலை. அதுக்குள்ள ஏழுமலையும் செல்வியும் அச்சரப்பாக்கத்துல ஒரு சாவுக்குப் போயிட்டு மறுநாள் திரும்பினா, கிணத்து மேல இருந்த மோட்டாரைக் காணோம். ஏழுமலை தானேதான் ஓனருக்கு போன் பண்ணிச் சொன்னார். கேமராவை அணைச்சுட்டு மோட்டாரை வித்தது நீதான்னு ஓனர் முடிவு கட்டிட்டார். சாயந்திரம் வர்றாராம், வந்ததும் போலீஸாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க?

பயப்படாதீங்க, அந்தக் கேமராவுக்குள்ள மெமரி கார்டு போட்டிருக்கேன், நெட் இல்லேன்னாலும் கரண்ட் இருந்தா பதிவாகிட்டேதான் இருக்கும், போன்ல தெரியலைன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லைன்னு சொன்னேன். செங்கல்பட்டுலயும் திருப்போரூர்லயும் ஏற்கெனவே ஒத்துக்கிட்ட வேலை இருக்கு, ஓனர் வர்றதுக்குள்ள வந்துடுறேன்னும் சொன்னேன்.

"சீக்கிரம் வா அண்ணாத்த. எம் பொஞ்சாதி ஒரு வாய் தண்ணி கூட குடிக்காம குந்திகினு கீது."

குங்குமம்

செங்கல்பட்டுல ஒரு அம்மா வீடு. அங்கேயும் புது ரவுட்டர்தான். பாஸ்வேர்டு என்னங்கன்னா, பையனுக்குத்தான் தெரியும்னாங்க. பையன் பெங்களூருல மீட்டிங்ல இருக்கான், எடுக்கலை. ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல இருக்குமேன்னு திருப்பிப் பார்த்தேன். வண்டி, பீரோ, ஃபிரிட்ஜ் எது புதுசா வந்தாலும் பொட்டு வைக்கிற வழக்கம் நம்ம ஊர்ல உண்டுதானே. அந்த அம்மா சரியா ஸ்டிக்கர் மேலேயே சந்தனத்தைக் குழைச்சு அப்பி, குங்குமமும் வச்சிருக்காங்க. சந்தனம் காஞ்சு கல்லாயிடுச்சு. கடைசி நாலு எழுத்து உள்ளே போயிடுச்சு.

ஈரத்துணியால தொடைச்சுக்கட்டுமான்னு கேட்டேன். அவங்க முகம் மாறின மாற்றத்தைப் பார்க்கணுமே! நான் ஏதோ தாலியைக் கழட்டச் சொன்ன மாதிரி ரவுட்டரைக் கையிலிருந்து வாங்கிக்கிட்டாங்க. பையன் மீட்டிங் முடியுற வரைக்கும் நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். நெம்மேலியில அந்தப் பொம்பளை தண்ணி குடிக்காம இருக்குறதுதான் மனசுல ஓடிச்சு.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா குங்குமத்தை அழிக்கக் கூடாதுப்பா. நீ வேற எதாவது நம்பர் போட்டுப் பாரேன்."

வில்லங்கம்

அடுத்து திருப்போரூர்ல பிளாட் விக்கிறவர் ஒருத்தரோட ஆபீஸ். புது ரவுட்டர்ல ரெண்டு வைஃபை வரும், நம்ம கேமராவுக்கு மெதுவா போறதுதான் ஒத்துக்கும், வேகமா போறது ஒத்துக்காது. அதைப் பிரிச்சு வைக்கணும்னா ரவுட்டர் செட்டிங்குக்குள்ள போகணும். அதை நெட்காரன் பூட்டி வச்சிருக்கான். அவனைக் கூப்பிட்டா, எங்க ரவுட்டர் சரியாத்தான் இருக்கு, கேமராக்காரனைக் கேளுங்கன்னு வச்சுட்டான். எவன் வீட்டுக்குப் போனாலும் இவனுங்க சொல்ற வேதவாக்கு இது ஒண்ணுதான். வயிறு எரியுது!

கடைசியில கெஞ்சிக் கூத்தாடித்தான் பிரிக்க வச்சேன். அதுக்குள்ள ஏழுமலை பல தடவை கூப்பிட்டுட்டார். பிளாட்காரரோ டீயை உறிஞ்சிக்கிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்ளோ சிக்கலான நிலமா இருந்தாலும் வில்லங்கத்தை நான் புட்ச்சிடுவேன். உன் கேமராவுல இன்னா வில்லங்கம்னு எனக்கே பிரில."

சின்ன ஐயா

நெம்மேலிக்கு நான் போறப்போ ஓனர் கார் உள்ளே நின்னுச்சு. அவர் வராண்டாவுல சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏழுமலை கேட் ஓரமா கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார், செல்வி அவருக்குப் பின்னாடி. நான் நேரா போய் ஏணியைப் போட்டேன், ஏழுமலை ஓடிவந்து பிடிச்சுக்கிட்டார். ரீசெட் பட்டனை அழுத்தினதும் கேமராவுக்குள்ள இருக்குற பொம்பளை, அதான் அந்தப் பதிவுக் குரல், இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சா. புது நெட்டோட சேர்த்தேன். ஓனர் போன்ல கேட், தென்னை மரம், கிணறு எல்லாம் பளிச்சுனு வந்துச்சு. சந்தோஷமா தலையாட்டினார்.

அவர் போனை வாங்கி, அவர் கண்ணு முன்னாலேயே ஏழுமலை சாவுக்குப் போன நாளுக்குப் பதிவைப் பின்னோக்கித் தள்ளினேன். ஒரு மினி லாரி வருது. இறங்கினவன் சொந்தச் சாவியால கேட்டைத் திறக்குறான். கூட வந்த ரெண்டு பேர் மோட்டாரைக் கழட்டி ஏத்துறாங்க. இவன் கிணத்து மேல உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறான். ஓனர் பெண்டாட்டியோட தம்பி! நான் முதல்ல கேமரா மாட்டினப்போ, வாட்ச்மேன் ரூம் தெரியுற மாதிரி திருப்பி வைன்னு எனக்கு யோசனை சொன்ன மகராசன். ஏழுமலை எட்டிப் பார்த்து, "சின்ன ஐயா"ன்னு முணுமுணுத்தார். ஓனர் இப்போ எழுந்து ஏழுமலைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவார்னு நான் நினைச்சேன். முட்டாள் நான். அவர் போனைப் பிடுங்கிக்கிட்டார்.

"நெட் கனெக்ட் பண்றதுதான் உங்க வேலை. படம் போட்டுக் காட்டச் சொல்லலை."

அழிக்கிற பட்டன்

கொஞ்ச நேரம் கழிச்சு, இதை எப்படி அழிக்கிறதுன்னு என்னைக் கேட்டார். தெரியாது சார்னு சொல்லிட்டு ஒயரைச் சுத்த ஆரம்பிச்சேன். வைஃபை பாஸ்வேர்டு எங்கே இருக்குன்னு ஒரு நாளும் தெரியாத மனுஷன், அழிக்கிற பட்டனைத் தானே தேடிக் கண்டுபிடிச்சு அழுத்தினார். மச்சினன் தூக்கினா அது எடுத்துட்டுப் போனது, வாட்ச்மேன்னா அது திருட்டு. மாமியார் உடைச்சா மண்குடம்தானே!

அப்புறம் ஏழுமலையைக் கூப்பிட்டு, போலீஸ் எல்லாம் வேண்டாம், ஆனா இனிமே சரிப்பட்டு வராது, வேற இடம் பார்த்துக்கோன்னார். சின்ன ஐயாவை ஏழுமலையும் பார்த்துட்டாரே, அதுதான் குத்தம். என் ஏணியை வண்டியில கட்ட அப்பவும் அவரேதான் கயிறு பிடிச்சார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியலை. அவருக்குப் பின்னாடி வந்த செல்விதான் கேட்டாங்க.

"திருடலன்னு தெரிஞ்சதுக்கே வூட்ட வுட்டுப் போவச் சொல்றாரே, திருடியிருந்தா இன்னா பண்ணியிருப்பாரு?"

எந்த ரவுட்டர் வந்தாலும் அரை மணியில கேமராவைச் சேர்த்துவச்சிடுவேன். கேமரா பார்த்ததை வீட்டுக்காரரையும் பார்க்க வைக்கிற வித்தைதான் நம்ம தொழில்ல யாருக்கும் தெரியலை.