ஆறு வருஷமாக மார்ச் மூணு

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மார்ச் மூணு கடை திறந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அச்சுக்கடைக்காரர். விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, நாய் காணவில்லை நோட்டீஸ், எதுவானாலும் செய்து தருவார். அவர் கைக்கடிகாரம் ஒரு நொடி பிசகாது. வாடிக்கையாளர் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் அதைத் தட்டிக் காட்டி, மூக்கால் இழுத்து, "டைம்னா டைம்ங்க" என்பார். அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும் ஆறு வருஷமாக அதே வருஷம், அதே மார்ச் மூணு.

வடிவமைக்கிற சாஃப்ட்வேர் முப்பது நாளைக்கு இலவசம்; பிறகு வாங்க வேண்டும். அவர் அதைப் போட்டது ஒரு மார்ச் மூணு. இருபத்தொன்பதாம் நாள் அவருக்கு ஞானம் பிறந்தது: நாள் போனால்தானே முப்பது முடியும்? அன்றிலிருந்து காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும், பல் தேய்க்கிற மாதிரி, தேதியைப் பின்னால் தள்ளிவிடுவார். சாஃப்ட்வேரும் சளைக்காமல், 'வருக, இன்று உங்கள் முதல் நாள்' என்று வரவேற்கும். வாங்க வசதி இல்லாமல் இல்லை. "மிஷின் என்னை ஏமாத்துறதா, நான் அதை ஏமாத்துறதா?" என்கிற மானப் பிரச்சினை.

கடையில் இன்டர்நெட்டும் உண்டு. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. "லைன் சரியில்ல" என்று ஆறு வருஷமாக லைன்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மனைவி மட்டும் மயங்கவில்லை. "வீட்டுல எல்லாருக்கும் வயசாகுது, கடையில உட்கார்ந்த இவருக்கு மட்டும் ஆகல. தலையில எத்தனை முடி மிச்சம் இருக்குன்னு பார்த்தா தெரியும், எந்தக் கணக்கு சரின்னு."

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மணி மூன்றே முக்காலுக்கு மகள் மூச்சிரைக்க வந்தாள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள்; மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். போனில் சான்றிதழ் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது.

"அப்பா, எந்திரிங்க."

"இரும்மா, தம்பியோட போர்டு முடியட்டும்."

தம்பி என்பது அடுத்த தெருத் தையல்காரர். மறுநாள் அவருக்குப் புதுக்கடை திறப்பு.

"அண்ணே, எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும். இல்ல, சின்னதாவே விடுங்க. இல்லண்ணே..."

"ஊருக்கே அளவெடுக்கிறீங்க, ஒரு எழுத்துக்கு அளவு சொல்ல முடியலையாண்ணா?" என்றாள் மகள்.

நாலு பத்துக்குத்தான் நாற்காலி கிடைத்தது. விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று எழுதியிருந்ததை மகள் உரக்கப் படித்தாள்.

"அதுக்கு என்னம்மா தெரியும். லைன் சரியில்ல."

"லைன் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் ஆறு வருஷம் பின்னாடி இருக்கீங்க."

அவருக்குத் தேதியை மாற்ற மனசில்லை. உண்மையான தேதியை ஒரு தடவை பார்த்துவிட்டால் சாஃப்ட்வேர் பூட்டிக்கொள்ளும். ஆறு வருஷத்து டிசைன் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். வேறு எதிலும் அவை திறக்காது. தேதியைத் தொடாமல் தப்பிக்க ஒரு வழி தோன்றியது. நேர மண்டலப் பட்டியலைத் திறந்து, நமக்கு முன்னால் விடிகிற நாடு ஒன்றைத் தேடிப் பிடித்தார். கடிகாரம் ஆறரை மணி நேரம் முன்னால் தாவியது. பக்கம் அசையவில்லை.

"அப்பா, எந்த நாட்டுக்குப் போனாலும் சில மணி நேரம்தான் கிடைக்கும். ஆறு வருஷம் முந்திப் போற நாடு எங்கயும் இல்ல."

"யோசிக்க விடும்மா."

"யோசிங்க. இந்தக் கம்ப்யூட்டர் கணக்குல எனக்கு இன்னும் பதினொரு வயசு. நர்சிங் எல்லாம் எதுக்கு, சிலேட்டு வாங்கிக் குடுங்க."

மணி நாலு முப்பத்தைந்து. தையல்காரர் மெதுவாக, "அண்ணே, போர்டை மட்டும் முடிச்சிட்டு..." என்றார்.

"சும்மா இரு தம்பி."

வருஷத்துக்குப் பக்கத்தில் இருந்த அம்புக்குறியை ஆறு தடவை அமுக்கினார், பல் பிடுங்கிக்கொள்கிற முகத்தோடு. மாதத்தையும் நாளையும் மாற்றினார். உடனே சாஃப்ட்வேர் எழுந்து வந்தது: 'உங்கள் முப்பது நாள் முடிந்தது. பயன்படுத்தியதற்கு நன்றி.'

"மரியாதை தெரிஞ்ச பய" என்றார் மார்ச் மூணு.

விண்ணப்பப் பக்கம் திறந்தது. மகள் விரல் தெறிக்க நிரப்பிவிட்டு, சமர்ப்பிக்கப் போனாள். பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கீழே 'நேரம் முடிந்தது.'

அவர் எழுந்தார். கைக்கடிகாரத்தைத் திரைக்கு நேராக நீட்டித் தட்டினார். "நாலு அம்பத்திமூணு. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. டைம்னா டைம்."

திரை கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதன் மூலையில் இரவு மணி பதினொன்று இருபத்து மூன்று.

மகள் தலையில் கை வைத்தாள். "தேதியை மாத்தினீங்க சரி. அந்த நாட்டுக்குப் போனீங்களே, திரும்பி வந்தீங்களா?"

பட்டியலில் நம் ஊர் நேரத்தைத் தேட அவருக்கு இரண்டு நிமிஷம் ஆனது; ஆறு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை அல்லவா. தேர்ந்தெடுத்ததும் பொத்தானுக்கு உயிர் வந்தது. நாலு ஐம்பத்தேழுக்கு விண்ணப்ப எண் விழுந்தது. அதை அச்சடித்து எடுத்தவர், மேலே இருந்த தேதியை இரண்டு தடவை படித்தார். கம்ப்யூட்டரே போட்ட சரியான தேதியோடு, ஆறு வருஷத்தில் அந்தக் கடையிலிருந்து வெளியே போன முதல் காகிதம் அதுதான்.

"அண்ணே, என் போர்டு?"

"பெயின்ட் வாங்கிட்டு வா. கையால எழுதித் தர்றேன்."

எழுதினார். இடம் போதாமல், பெரிதாக ஆரம்பித்த எழுத்து போகப் போகச் சிறுத்தது. இரண்டு அளவும் கிடைத்ததில் தையல்காரருக்குத் திருப்தி.

அடுத்த நாள் காலை பழக்கதோஷத்தில் அவர் விரல் திரை மூலைக்குப் போய், வேலையில்லாமல் திரும்பி வந்தது.

"ஏம்மா, வேற கம்ப்யூட்டர்ல புதுசா போட்டா திரும்பவும் முப்பது நாள் தருவானா?"

"தருவான். வீட்டுல அம்மாவோட லேப்டாப் இருக்கு. கேட்டுப் பாருங்க."

அவர் யோசித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார். "வாங்கிடலாம்."