இரண்டு கிரவுண்டும் ஒரு திருப்பமும்

அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் சட்டென்று ஆள் பிடிபடாது. ‘தசமம்’ என்றால் வாசல் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும். எப்போது வருவீர்கள் என்று கேட்டால், ஒன்பது, ஒன்பதே கால் என்று மழுப்புகிற ரகம் இல்லை அவள். “ஒன்பது பன்னிரண்டு” என்பாள். ஒன்பது பன்னிரண்டுக்கு வந்தும் நிற்பாள். வீட்டில் கொடியில் துணி போட்டால் கிளிப்புக்கும் கிளிப்புக்கும் ஒரே இடைவெளி. பஸ் ஓட்டும் அவள் கணவர், “உன்னை லைசென்ஸ் ஆபீஸ்ல உக்கார வச்சிருந்தா ஒருத்தனும் வண்டி ஓட்டியிருக்க மாட்டான்” என்பார்.

தொட்டிக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று மேலிருந்தபடியே ரேடார் அலை அனுப்பி அளக்கும் கருவியைச் செய்கிற சின்னக் கம்பெனி அது. அலையைக் கருவிக்குள் நடத்திக்கொண்டு போகும் செம்புப் பாதையை வடிவமைப்பது அவள் வேலை. கோபிளேனார் வேவ்கைடு என்பார்கள். பெயர்தான் மிரட்டும், ஆள் சாது. உள்ளங்கையளவு போர்டில் நடுவே ஒரு மெல்லிய செம்புப் பட்டை, அதன் இருபுறமும் தலைமுடி அகலத்துக்கு இடைவெளி, அதற்கப்பால் இரண்டு பக்கமும் அகலமான செம்பு. அந்த அகலச் செம்புக்குக் கிரவுண்டு என்று பெயர். அவ்வளவுதான்.

போர்டு செய்யக் கொடுப்பதற்கு முன் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து, அலை அதில் எப்படி ஓடும் என்று சிமுலேஷன் மென்பொருளைக் கணக்குப் போட வைக்க வேண்டும். பட்டையின் ஓரங்களில்தான் மின்னோட்டம் முண்டியடித்துக்கொண்டு ஓடும் என்பதால், அங்கே மட்டும், மென்பொருள் படத்தைப் பிரித்துக்கொள்ளும் கணக்குக் கட்டங்களைக் கடுகைவிடப் பொடியாக நறுக்குவாள். பதினோரு வருஷத்தில் அவள் வரைந்த ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நிஜமாகச் சொன்னால், கொஞ்சத்துக்கும் மேலேயே உண்டு.

இந்த முறை பெட்டிக்குள் இடம் போதாமல் பாதையை ஒரு இடத்தில் வளைக்க வேண்டி வந்தது. வளைத்தாள். அலை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று காட்டும் கோடு கம்ப்யூட்டரில் கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது. ஆறு போர்டுகள் தயாராகி வந்தன. அளந்து பார்த்தால், கோட்டின் நடுவில், வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே ஒரு பள்ளம். சின்னப் பள்ளம் இல்லை, லாரியே இறங்கிவிடும்.

மீட்டிங்கில் மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “சிமுலேஷன் சுத்தமா இருக்கு சார். சால்டரிங்லதான் எங்கயோ கோளாறு.”

சால்டரிங் என்றால் ஒரே ஆள்தான். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி என்று திரியும் டெக்னீஷியன். அவரை எல்லோரும் ‘ஈயம்’ என்றே கூப்பிடுவார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. நேரே போய், ஆறு போர்டின் கனெக்டர்களையும் பிரித்து மறுபடி பற்றவைத்தார். பள்ளம் அசையவில்லை. இன்னொரு தரம் பற்றவைத்தார். ம்ஹூம்.

மறுநாள் மதியம் நேராக அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

“மேடம், என் கை சரியில்லைன்னா பள்ளம் ஒவ்வொரு போர்டுலயும் ஒவ்வொரு இடத்துல விழணும். ஆறுலயும் ஒரே இடத்துல விழுது. ஆறும் கூடிப் பேசி வச்சுக்கிட்டா பொய் சொல்லும்?”

அவளுக்குச் சுருக்கென்றது. கேள்வி நியாயமானது என்பதால் கூடுதலாகவே சுருக்கென்றது. கட்டங்களை இன்னும் பொடியாக நறுக்கினாள். செம்பின் தடிமனையும் சேர்த்தாள். கம்ப்யூட்டர் இரண்டு நாள் மூச்சிரைக்க ஓடிவிட்டு அதே வழவழப்பைத்தான் துப்பியது. அந்தப் படத்தை அச்செடுத்து, சாட்சியம் கொண்டுபோகிற மாதிரி லேபுக்கு எடுத்துப் போனாள்.

ஈயம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொடிச் சாமான் பிடிக்கிற இடுக்கியை எடுத்தார். போர்டின் வளைவில், நடுப்பட்டையில் படாமல், ஒரு காலை இந்தப் பக்கக் கிரவுண்டிலும் மறு காலை அந்தப் பக்கக் கிரவுண்டிலும் ஊன்றினார். அளக்கும் மெஷினின் திரையில் பள்ளம் தூர்ந்துவிட்டது. இடுக்கியை எடுத்தார், பள்ளம் விழுந்தது. வைத்தார், காணோம். எடுத்தார், வந்தது. மூன்றாவது தடவை அவளே இடுக்கியை வாங்கி வைத்துப் பார்த்தாள்.

“மேடம், உங்க கம்ப்யூட்டருக்குள்ள இந்த மாதிரி ஒரு இடுக்கி இருக்கான்னு கொஞ்சம் பாருங்க.”

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் அவள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு போய்த் தேடினாள். இருந்தது!

அந்த மென்பொருள் எந்தப் படத்தையும் ஒரு உலோகப் பெட்டிக்குள் அடைத்துத்தான் கணக்குப் போடும். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று அவள் இரண்டு கிரவுண்டையும் பெட்டியின் சுவர்வரை இழுத்து ஒட்டியிருந்தாள். சுவரும் உலோகம். ஆக, இரண்டு கிரவுண்டும் சுவர் வழியாகத் திருட்டுத்தனமாகக் கைகோத்துக்கொண்டிருந்தன. நிஜக் கருவியிலோ வெறும் பிளாஸ்டிக் மூடி. அங்கே கைகோக்க யாருமில்லை.

கிரவுண்டைச் சுவரிலிருந்து பிரித்தாள். சுவரைத் தூரத் தள்ளினாள். நிஜக் கனெக்டரில் இருப்பது போலவே, அலை நுழையும் வாசலிலும் வெளியேறும் வாசலிலும் மட்டும் இரண்டு கிரவுண்டும் சேரும்படி திருத்தி, ஓடவிட்டாள். மாலை நான்கு மணிக்குத் திரையில் பள்ளம் விழுந்தது, ஈயம் அளந்த அதே இடத்தில்.

“விழுந்துடுச்சு அண்ணே! விழுந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டே லேபுக்கு ஓடினாள். யாரோ மாடிப்படியில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து கணக்குப் பிரிவிலிருந்து இருவர் முதலுதவிப் பெட்டியோடு வந்துவிட்டார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போதும் அவளுக்கு அதே நினைப்புதான். மறுநாள் மீட்டிங்கில் என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது, சொல்லத்தான் வாய் வரவேண்டும். பழி போட்டது பத்துப் பேர் முன்னால். திரும்ப எடுப்பதும் பத்துப் பேர் முன்னால்தான்.

மறுநாள் மீட்டிங்கில் எழுந்து நின்றாள். “பஸ் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலா ஓடணும் சார். அதே மாதிரி வளைவுல வெளி இடைவெளி நீளம், உள் இடைவெளி குட்டை. அங்க இரண்டு கிரவுண்டுக்கும் கால் பிசகுது. நடுவுல பாலம் போட்டுச் சேர்த்தா சரியாயிடும்.” ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். “அண்ணன் சால்டரிங்ல ஒரு குறையும் இல்லை. சிமுலேஷனை நான்தான் தப்பா வச்சிருந்தேன்.”

மேனேஜர் மோவாயைச் சொறிந்தார். “அப்ப ஒவ்வொரு கருவியோடவும் ஒரு இடுக்கி வச்சு அனுப்பிடலாங்கிறியாம்மா?”

முதலில் சிரித்தது ஈயம். அப்புறம்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

இடுக்கிக்குப் பதில், பட்டையைத் தாண்டிப் போகும் மெல்லிய கம்பிப் பாலம் போடலாம் என்று முடிவானது. வளைவின் நட்ட நடுவில் ஒன்று போதும் என்றாள் அவள். வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று என்றார் அவர். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தாள். அவருடையதுதான் நன்றாக வந்தது. அதையும் மறைக்காமல் போய்ச் சொன்னாள். “தெரியும்” என்றார் அவர், தலை நிமிராமல்.

கருவிகள் ஒழுங்காகத் தொட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போதெல்லாம் அவளுடைய எந்தப் படமும் ஈயத்தின் கையெழுத்து இல்லாமல் வெளியே போவதில்லை. கையெழுத்துக்காக அவரிடம் போன முதல் படமே மூன்று சிவப்புப் பென்சில் வட்டங்களோடு திரும்பி வந்தது. இரண்டை ஒப்புக்கொண்டாள். மூன்றாவதுக்காக இருவரும் நாலு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.