போக்கருக்கு ஆள் தேடிய கதை

கிரேக்கக் கப்பலொன்றில் நான் வேலை செய்த காலத்தில் அதன் சமையல்காரன் எனக்கு நண்பனானான். எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் நான் விடுமுறையில் பருத்தித்துறைக்குப் புறப்பட்டபோது, அவனும் ஊர் பார்க்கவென்று கூடவே வந்துவிட்டான். கடலில் குளித்தான். பனங்கிழங்கு மாவில் உறைப்பாகக் காய்ச்சிய ஒடியல் கூழைக் குடித்துவிட்டு மூக்கு வடிய அழுதான். நாலு நாளில் எல்லாம் அலுத்துப்போய், "போக்கர் எங்கே விளையாடுகிறார்கள்?" என்று கேட்டான்.

எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அவன் முதலில் தேடுவது அதைத்தான். எங்கள் ஊரில் சீட்டாடத் தெரியாத ஆண்பிள்ளையே இல்லை என்று கப்பலில் வைத்து நான் அளந்திருந்தேன். அது பொய்யுமல்ல. ஆனால் எங்களுக்குத் தெரிந்த விளையாட்டு முன்னூற்றிநாலு ஒன்றுதான். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. கூடுதலாகப் புள்ளி கேட்பவர் துருப்பு வைப்பார். கேட்டதை எடுக்காவிட்டால் சோடியையும் இழுத்துக்கொண்டு விழுவார்.

ஊர்க்கதை எல்லாம் தெரிந்த சலூன்காரரிடம் போய்ப் போக்கரை விளங்கப்படுத்தினேன்.

"சோடி ஆர்?" என்றார்.

"சோடி இல்லை அண்ணை. எல்லாரும் தனித்தனி."

"தனித்தனியோ? அப்ப தோத்தால் ஆரை ஏசிறது?"

 அவரே இரக்கப்பட்டு, "காட்ஸ்தான் வேணுமெண்டால் உங்கடை பெரியப்பா வீட்டை கூட்டிக்கொண்டு போவன். செத்த வீடெல்லோ" என்றார்.

செத்த வீட்டில் சீட்டாடுவது எங்களுக்குப் புதினமில்லை. முப்பத்தோராம் நாள் வரைக்கும் அயலவர்கள் வந்து துணைக்கு இருப்பார்கள். இருந்தால் பாய் விரியும், சீட்டும் விழும். இதைச் சொன்னதும் சமையல்காரன் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினான். பிறகு, "நல்ல ஊர்" என்றான்.

எனக்குத்தான் அங்கே போக மனமில்லை. பெரியம்மா போய்ப் பத்து நாளாகியும் பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டையும் தொடவில்லை. அவருடைய மகள், எனக்கு அக்கா முறை, தட்டை வைப்பதும் அப்படியே எடுப்பதுமாக இருந்தாள். இப்படியே விட்டால் இந்த மனிதரும் போய்விடுவார் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ஊரிலேயே பெரிய சீட்டுப் பைத்தியம் அவர். இப்போது பாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

அன்று மத்தியானம் பாயில் அயலவர்கள் இரண்டு பேர்தான். சமையல்காரனைச் சேர்த்தாலும் ஒரு கை குறைந்தது. எனக்கோ முன்னூற்றிநாலின் விதிகளைச் சமையல்காரனுக்குச் சொல்லிக்கொடுத்து மொழிபெயர்க்கும் உத்தியோகம். அயலவர் ஒருவர், "ஒரு கைக்கு மட்டும் வாங்கோ அண்ணை" என்று பெரியப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் வந்து சமையல்காரனுக்கு எதிரே, அவனுடைய சோடியாக இருந்தார்.

சமையல்காரன் தன் போக்கர் புத்தியைக் காட்டினான். கையில் ஒன்றுமில்லாமலே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேள்வியை ஏற்றினான். போக்கரில் என்றால் மற்றவர்கள் பயந்து ஓடுவார்கள். இங்கே, "கேட்டவரே விளையாடட்டும்" என்று சந்தோசமாக விட்டுக்கொடுத்தார்கள். விழுந்தான். அடுத்த கையிலும் ஏற்றினான், விழுந்தான். மூன்றாம் தரம் பெரியப்பா சீட்டைப் பாயில் அடித்தார்.

"உவனுக்கு ஆர் காட்ஸ் படிப்பிச்சது? கையிலை ஒரு மண்ணும் இல்லாமல் என்னத்துக்குக் கேட்டவன்?"

அக்கா அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு ஓடி வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு தேத்தண்ணி வந்தது. பெரியப்பா ஏசுகிற வேகத்தில் அதைக் குடித்துவிட்டார். அடுத்ததாகச் சோறு வந்தது. இடக்கையில் சீட்டும் வலக்கையில் சோறுமாக ஏச்சுத் தொடர்ந்தது.

நான் சமையல்காரனிடம் மெல்லப் பத்து நாள் பட்டினி விசயத்தைச் சொன்னேன். "வெல்லாதே" என்றேன்.

அவன் கையில் அப்போதுதான் நல்ல சீட்டுகள் வந்திருந்தன. அவற்றைப் பார்த்தான். பெரியப்பாவின் தட்டைப் பார்த்தான். அதன் பிறகு அந்த மனிதன் விளையாடிய விளையாட்டை எந்தத் துறைமுகத்திலும் வெளியே சொல்ல முடியாது. பொய் முகம் வைத்து உலகத்தை வென்றவன், அதே முகத்தோடு எங்கள் பாயில் தோற்றுக்கொண்டே இருந்தான்.

ஒரு கையில் துருப்பையே வீணாகப் போட்டுத் தொலைத்தான். பெரியப்பா தாங்கமாட்டாமல் குசினிப் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், உவன்ரை கூத்தைப் பாத்தீரே?"

பெரியம்மாவைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார்.

 கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே விளங்கியது. வாய்க்குக் கொண்டுபோன சோறு தட்டில் விழுந்தது.

"பாத்தனான் அப்பா" என்று குசினிக்குள் இருந்து அக்கா சொன்னாள். 

பெரியம்மா போனபிறகு பெரியப்பா அழுததை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். சமையல்காரன் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். அவர் அழுது முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, சோற்றுத் தட்டை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினான். பெரியப்பா அதில் மறுபடி கை வைத்தார்.