மூன்றாம் ஓலை

"1910 டிசம்பர் 25, ஞாயிறு. மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. வாசிக்க வைத்தவள் மணமகள்." என் வேதாகமத்தின் கடைசித் தாளில் அன்று மாலை நான் எழுதிய குறிப்பு இது.

பாளையங்கோட்டையில் நாங்கள் போகும் கிறிஸ்தவக் கோயிலில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமானால், மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறுகள் ஆராதனையில் வாசித்து, "தடை சொல்வார் உண்டா?" என்று சபையைக் கேட்க வேண்டும். அதற்கு ஓலை என்று பெயர். ஒன்று குறைந்தாலும் தாலி கட்ட முடியாது. ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் மணமக்கள் வெட்கப்பட்டுக் கோயிலுக்கு வருவதில்லை. டிசம்பர் 11, 18 இரண்டு நாளும் மணமக்களான நாங்கள் போகவில்லை. மூன்றாவது ஓலை கிறிஸ்துமஸ் அன்றே விழுந்தது. அன்றைக்கு எப்படி வீட்டில் இருப்பது?

அவள் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. நான் பையன்கள் பள்ளியில். முந்தைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில் நான் ஆர்மோனியத்தை விரட்டி வாசித்தபோது, "வாத்தியாரய்யா, பைய வாசிங்க. நாங்க எங்கயும் ஓடிப்போகல்ல" என்று எல்லார் முன்னும் சொன்னாள். நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். அவள் முடிவு செய்ய ஆடி மாதம் ஆயிற்று.

களக்காட்டில் வாழை போட்டிருந்த அவளுடைய தாய்மாமன், கொழும்பில் இருந்த தன் மகனுக்கே அவள் உரியவள் என்று நின்றார். அவள் தாயார் எங்களுக்குச் சம்மதித்திருந்தாலும் அண்ணன் சொல்லுக்கு அஞ்சுகிறவர். கல்யாணம் 28, புதன். மகன் பொங்கலுக்கு வருகிறான். அதுவரை தள்ளிப்போனால் தங்கை மனதைத் திருப்பிவிடலாம் என்று மாமன் இருந்தார்.

கிறிஸ்துமஸ் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. குருவானவர் அறிவிப்புகளை முடித்துப் பாட்டின் எண்ணைச் சொன்னார். ஓலையை வாசிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த மாமன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏலே, விட்டுட்டாரு. எந்திரிச்சுச் சொல்லு லே" என்று பக்கத்திலிருந்த நண்பன் என்னை இடித்தான். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து அவள் எழுந்தாள்.

"ஐயா, எங்க ஓலையை இன்னும் வாசிக்கலையே."

குருவானவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். தடை சொல்வார் உண்டா என்றதும் மாமன் எழுந்தார்.

"முறைப்பையன் ஒருத்தன் இருக்கான். யாரோ பிள்ளை மனசைக் கெடுத்துட்டாங்க. அவளுக்கு இதுல இஷ்டமில்ல."

பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "இஷ்டமில்லாமயா அண்ணாச்சி, பிள்ளை எந்திரிச்சு நின்னு ஓலையைக் கேக்குது?"

சிரிப்பு ஆண்கள் பக்கம் தொடங்கிப் பெண்கள் பக்கம் பரவியது. குருவானவரே வாயைப் பொத்திக்கொண்டார். மாமன் உட்கார்ந்துவிட்டார். "தடை ஒன்றும் இல்லை" என்ற சொல் காதில் விழும்வரை அவள் உட்காரவில்லை. அதன்பின் நாங்கள் பாடிய பாட்டு ஆற்றங்கரைவரை கேட்டிருக்கும்.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. மாமனும் வந்து முறைப்படி மாலை எடுத்துக் கொடுத்தார்.

குருவானவர் கூட்டத்தில் ஓலையை மறந்தாரா, மாமன் கேட்டுக்கொண்டதால் விட்டாரா என்பது தெரியவில்லை. 24ஆம் தேதி மாலை மாமன் அவர் வீட்டுக்குள் போனதைப் பார்த்ததாக இருவர் சொன்னார்கள். வாழைத்தார் கொடுக்கப் போனதாக மாமன் சொன்னார். குருவானவரிடம் யாரும் கேட்கவில்லை. இது இன்னும் உறுதிப்படவில்லை.