யாரோ ஒருத்தர் வராததால கிடைச்ச சீட்

என் மகள் ரேவதிக்குக் காலேஜ் சீட் கிடைக்க முருகன்கிட்ட நான் என்ன கேட்டேன்னு இன்னைக்குக் கோயில்ல உங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நல்ல வேண்டுதல் இல்ல அது. ஆனா பலிச்சது.

போன வருஷம் நம்ம அந்தமான் தீவுல எந்த வீட்டைப் பார்த்தாலும் பிள்ளைங்க நல்ல மார்க். மெயின்லேண்டுக்கு அனுப்ப வசதியில்லாதவங்க எல்லாரும் போர்ட் பிளேர் காலேஜ்லதான் வந்து முட்டினாங்க. முதல் லிஸ்ட்ல ரேவதி பேர் இல்ல. ரெண்டாவதுலயும் இல்ல. வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேர். நான் வேலை பார்க்கற மாயாபந்தர் அங்கன்வாடியில லீவு சொல்லிட்டு, போர்ட் பிளேர் டெலானிபூர்ல என் தம்பி குவார்ட்டர்ஸுக்கு வந்து உக்காந்தோம். அவ சாப்பிடவே இல்ல. "நான் படிச்சதெல்லாம் வேஸ்ட்டாம்மா?"ன்னா.

கடைசி நாள். "சீட் கிடைச்சவங்கள்ல யாராவது நாலு மணிக்குள்ள வரலைன்னா உங்க பொண்ணுக்குத்தான்"னாங்க ஆபீஸ்ல. வராந்தா பெஞ்சுல கண்ணை மூடினேன். "முருகா, யாராவது ஒருத்தர் வராம போகட்டும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நாலு மணிக்கு ரேவதி பேரைக் கூப்பிட்டாங்க. அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

அட்மிஷன் முடிச்சு கேட்டுக்கு வர்றோம், எதிர்ல ஷிப்ரா ஓடி வர்றா. ரேவதியோட ஒரே கிளாஸ்ல படிச்ச பெங்காலிப் பொண்ணு. பின்னாடி அவ அம்மா, நனைஞ்சு போய். மழையில ரோட்டுல மரம் விழுந்து பஸ் மூணு மணி நேரம் நின்னுடுச்சாம். "தீதீ, ஆபீஸ் பந்த் ஹோ கயா க்யா?"ன்னு அவ அம்மா கேட்டாங்க. ஆமா, ஆபீஸ் மூடிடுச்சுன்னு தலையாட்டினேன். காலியான சீட் ஷிப்ராவோடதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அது இப்ப யார்கிட்ட இருக்குன்னு சொல்லாமலே ரேவதியைக் கூட்டிக்கிட்டு நடந்தேன்.

முருகன் கொடுத்தார். நன்றி மறக்க மாட்டேன். ஆனா அன்னையிலிருந்து கேக்கறதுக்கு முன்னாடி யோசிக்கறேன். ஷிப்ரா ஒரு வருஷமா பஜார் துணிக்கடையில நிக்கறா. போன மாசம் அவ வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். அவ அம்மா திட்டல. மழை பெஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஹிந்தியில சொல்லிட்டு டீ கொடுத்தாங்க.

இந்த வருஷம் கூட்டம் இன்னும் அதிகம். ஷிப்ரா திரும்ப அப்ளை பண்ணி, வெயிட்டிங் லிஸ்ட்லதான் இருக்கா. நம்பிக் கேளுங்க, அவர் கொடுப்பார். எனக்குத் தெரியும், அதனாலதான் பயமும் இருக்கு. யாராவது வராம போகட்டும்னு கேக்காம, சீட் எண்ணிக்கையைக் கூட்டித் தரச் சொல்லி அவளுக்காகக் கேளுங்க. நாளைக்குக் காலையில அவளைக் கூட்டிக்கிட்டு நான் போர்ட் பிளேருக்கு பஸ் ஏறறேன்.