பெயரை வெட்டிய கையெழுத்து

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்த நாட்களில், தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும். பதுளையில் இருந்த ஒரு திட்டக் காரியாலயம் என்னை அனுப்பியது. பகலில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் பின்னேரம் ஐந்து மணிக்கு வகுப்பு. கொழுந்து நிறுத்து, முகம் கழுவி, ஈரத் தலையோடு பெண்கள் வருவார்கள். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயில் உட்காருவோம்.

அவர்களில் ஒருவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. நான் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகளை வெலிமடைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். மற்றவர்கள் அ, ஆ என்று சத்தம் போட்டுச் சொல்லும்போது அவர் உதட்டை மட்டும் அசைப்பார். ஆனால் மூன்றாம் மாதமே, தகப்பன் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துத் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதினார். எழுதிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தார், மை காய்ந்துவிட்டதா என்று.

ஒரு நாள் வகுப்புக்குள் நுழையும்போதே சொன்னார்.

“டீச்சர், இன்னைக்கு ஆபிசுல கையெழுத்துப் போட்டேன்.”

மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. கூட இருந்து பார்க்க இரண்டு மாதம் லீவு கேட்கப் போயிருக்கிறார். கிளாக்கர் ஒரு கடிதத்தை டைப் செய்து வைத்து, வழக்கம்போலக் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினாராம்.

“வேணாங்க, நான் எழுதுவேன்னு சொன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரியா பாத்துட்டு பேனாவ எடுத்துக் குடுத்தாரு.”

நான் எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். பிள்ளைக்காம்பரா அதிரக் கைதட்டினோம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து, பேரன் பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தார். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், அவர் பெயரைக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு, செக்ரோல் பதிவேட்டில் பெயர் வெட்டியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். பெயர் பதிந்த தொழிலாளியாக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். அன்று பின்னேரம் வகுப்புக்கு வந்து பாயில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

நான் அவரோடு தோட்டக் காரியாலயத்துக்குப் போனேன். கிளாக்கர் கோபப்படவில்லை. “வேலையிலருந்து நின்னுக்கிறேன்னு அவங்கதானே சொன்னாங்க. நான் அதத்தான் எழுதினேன்,” என்றார்.

“ரெண்டு மாசத்துக்கு நின்னுக்கிறேன்னுதாங்க சொன்னேன்,” என்றார் அக்கா.

கிளாக்கர் பொய் சொன்னாரா, அல்லது உண்மையிலேயே அப்படித்தான் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கடிதத்தின் பிரதி ஒன்றைத் தந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த என் ஆங்கிலத்தை வைத்து அங்கும் இங்கும் சில சொற்களைப் பிடித்தேன். முழுதாக விளங்கவில்லை. கீழே அவர் கையெழுத்து மட்டும் தமிழில், நான் சொல்லிக்கொடுத்த அதே வடிவில் இருந்தது.

அடுத்த நாள் இருவரும் பதுளைக்கு பஸ் ஏறி என்னை அனுப்பிய காரியாலயத்துக்குப் போனோம். அங்கே பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

“சொந்த விருப்பத்தில வேலையை விடுறன் எண்டு இருக்குது, பிள்ளை.”

“அவங்களுக்கு அது தெரியாதுங்க சேர்.”

“தெரியாது எண்டு இனி எப்பிடிச் சொல்லுறது? கைநாட்டு எண்டால், வாசிச்சுக் காட்டினது எண்டு ஒரு சாட்சி கேட்டிருக்கலாம். இது கையெழுத்து. வாசிக்கத் தெரிஞ்ச ஆள் எண்டுதான் எடுப்பினம்.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. அந்த சேர் சொன்னது தனக்குச் சரியாக விளங்கியதா என்று என்னிடம் சரிபார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர், தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசிப் பார்த்தார். நானும் இரண்டு மனு எழுதினேன். பதில் வரவில்லை. பிறகு அக்காவுக்குப் பெயர் பதியாமல், கூப்பிட்ட நாளில் மட்டும் வேலை கொடுத்தார்கள்.

ஒரு பின்னேரம் என்னிடம் கேட்டார். “அப்ப அந்த இங்கிலீச எனக்குச் சொல்லிக்குடுங்க டீச்சர். எத்தன மாசம் ஆகும்?”

எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பதுளையில் விசாரித்தேன். வகுப்புகள் இருந்தன. ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் கேட்காத ஒரே வகுப்பு முடிவதற்குள் பசறைக்குப் போகும் கடைசி பஸ் புறப்பட்டுவிடும். இதை அவரிடம் சொன்னபோது, “டவுன்ல இருக்கவங்களுக்குத்தான் போல,” என்று மட்டும் சொன்னார்.

வகுப்பில் ஆட்கள் குறைந்தார்கள். “எங்களுக்குக் கைநாட்டே போதும் டீச்சர். அதுல பயம் இல்ல,” என்று ஒரு பெண் நேரடியாகவே சொன்னாள். வருடக் கடைசியில் திட்டம் முடிந்தது. கையெழுத்திடக் கற்றுக்கொண்டவர்களின் பட்டியல் கேட்டார்கள். அக்காவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் பொய்யாகியிருக்கும்.

கொஞ்ச நாளில் அவர் தோட்டம் கொடுத்திருந்த காம்பராவைக் காலிசெய்துவிட்டு மகளிடம் போய்விட்டார். எனக்கும் நியமனம் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு முறை வெலிமடை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். லீக்ஸ் பயிரிடும் மரக்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்வதாகச் சொன்னார். பேரன் இரண்டாம் வகுப்பு. அவனுடைய தமிழ்ப் புத்தகத்தை முழுக்க வாசித்துவிட்டாராம்.

“அதுல வர்ற கதையெல்லாம் எனக்குத் தெரியும் டீச்சர்,” என்றார்.

அந்தக் கைதட்டலுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன். அவர் என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. “உக்கார எடம் கெடைக்காது, ஓடிப்போயி ஏறுங்க,” என்று என் பையைத் தூக்கிக் கையில் கொடுத்தார். ஏறிவிட்டேன்.